பத்திரம் யார் பெயரில்?

1873இல் பஃபலோ நகரத்தின் கிழக்குப் புறத்தில் ஜோசப் போர்க் என்ற மனை வியாபாரி தன் நிலத்தில் ஒரு பகுதியைப் போலந்துக் குடியேறிகளுக்கு ஆலயம் கட்டிக்கொள்ளத் தானமாக எழுதிக் கொடுத்தார். சுற்றியிருந்த மீதி நிலத்தில் சின்னச் சின்ன மரவீடுகளைக் கட்டி அதே மக்களுக்கு விற்றார். ஆலயம் வந்தால் ஜனம் வரும், ஜனம் வந்தால் மனை விலைபோகும் என்பது அவர் கணக்கு. அப்போதுதான் குருப்பட்டம் பெற்றிருந்த இளைஞரான அருள்தந்தை யான் பிடாசுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பிரஷ்யாவும் ரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்குபோட்டுக்கொண்டதால் வரைபடத்திலேயே இல்லாமல் போன ஒரு நாட்டின் மக்களை அந்நிய ஊரில் ஒரு மணியோசைக்குள் குடிவைத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். இரண்டு கணக்கும் சேர்ந்து எழுந்ததுதான் புனித ஸ்டானிஸ்லாஸ் பங்கு. பழைய ஆலயங்களைப் பற்றிப் பேசும்போது அவை வணிகத்துக்கு வெளியே, தூய பக்தியிலிருந்து முளைத்தவை என்று நினைத்துக்கொள்கிறோம். பஃபலோவின் கிழக்குப் புறத்தில் ஆலயமும் மனை வியாபாரமும் முதல் நாளிலிருந்தே கூட்டாளிகள்.

ஈரி கால்வாய் 1825இல் திறந்ததும் பஃபலோவுக்கு வாழ்வு வந்தது. மேற்கே விளையும் கோதுமையெல்லாம் ஏரி வழியே வந்து இங்கே படகு மாறித்தான் நியூயார்க்குக்குப் போயாக வேண்டும். பின்னால் ரயில் வந்தது, உருக்காலை வந்தது. 1900இல் அமெரிக்காவின் எட்டாவது பெரிய நகரம் இது. ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்துக்காரர் என்று அலை அலையாக வந்து இறங்கியவர்கள் ஆளுக்கொரு தெருவைப் பிடித்தார்கள், தெருவுக்கொரு ஆலயம் கட்டினார்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளைப் பார்த்தால் ஆலயங்களின் அளவு திகைக்கவைக்கும். மனையின் முகப்பு குறுகல். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க, உறவுக்காரர் கப்பலில் வந்து சேரச் சேர, வீட்டின் பின்பக்கம் ஓர் அறை, அதன் பின்னால் அதைவிடச் சின்னதாக இன்னோர் அறை என்று நீட்டிக்கொண்டே போனார்கள். பஃபலோவில் இதற்குத் தொலைநோக்கி வீடு என்றே பெயர். அப்படிப்பட்ட வீட்டில் ஒண்டிக்கொண்டு, தண்டவாளத்திலும் இறைச்சிக் கொட்டிலிலும் கூலி வேலை பார்த்தவர்கள், இரட்டைக் கோபுரமும் ஐரோப்பாவிலிருந்து தருவித்த வண்ணக்கண்ணாடிச் சன்னலும் கொண்ட ஆலயங்களை எழுப்பினார்கள். சன்னலின் அடியில் உபயதாரர் பெயர் இருக்கும். ஒரு குடும்பத்தின் பெயர், சங்கத்தின் பெயர், சில இடங்களில் இறந்துபோன குழந்தையின் பெயர்.

கட்டியவர்கள் அவர்கள். பத்திரம் யார் பெயரில் என்ற கேள்வி அந்த ஊரில் அதற்கும் முன்பே எழுந்துவிட்டது.

பஃபலோவின் முதல் கத்தோலிக்கப் பங்கான புனித லூயி ஆலயத்துக்கு 1829இல் நிலம் கொடுத்தவர் லூயி ல கூதூ என்ற பிரெஞ்சுக்காரர். அதை நிர்வகித்தவர்கள் பங்குமக்கள் தேர்ந்தெடுத்த அறங்காவலர்கள். ஆயர் பதவிக்கு ஜான் டைமன் வந்ததும் சொத்து ஆயரின் கைக்கு வர வேண்டும் என்றார், அறங்காவலர்கள் மறுத்தார்கள். சண்டை முற்றி 1854இல் அறங்காவலர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கும் அளவுக்குப் போனது. 1863இல் நியூயார்க் மாநிலம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கும் தனி நிறுவனம். அதன் நிர்வாகக் குழுவில் ஐந்து பேர்: ஆயர், அவருடைய பொதுக்குரு, பங்குத்தந்தை, இவர்களோடு பொதுநிலையினர் இருவர். மூன்றுக்கு இரண்டு. எந்த வாக்கெடுப்பு நடந்தாலும் முடிவு என்னவாக இருக்கும் என்று பங்குமக்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

1895இல் போலந்துக்காரர்களிடையே அதே சண்டை மறுபடி வெடித்தது. புனித அடால்பர்ட் பங்கில் ஒரு கூட்டம், எங்கள் காசில் எழுந்த ஆலயத்தின் கணக்கும் உரிமையும் எங்களிடம் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பிரிந்தது. பிரிந்தவர்கள் சோபியெஸ்கி தெருவில் ஜெபமாலை அன்னை பெயரில் தங்களுக்கென்று ஓர் ஆலயம் கட்டிக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டனில் பிரான்சிஸ்செக் ஹோதுர் தொடங்கிய போலந்து தேசியக் கத்தோலிக்கத் திருச்சபையும் இதே மனக்குறையிலிருந்து பிறந்தது. சபையின் சொத்து சபையாருக்கே என்பது அதன் அடிப்படை விதி.

பிறகு நகரம் சரிந்தது. 1959இல் புனித லாரன்ஸ் கடல்வழி திறந்ததும் கப்பல்கள் பஃபலோவைத் தொடாமலே அட்லாண்டிக்குக்குப் போக வழி பிறந்தது. கிழக்குப் புறத்தில் 1929இல் எழுந்த சென்ட்ரல் டெர்மினல் என்ற பதினேழு மாடி ரயில் நிலையத்திலிருந்து 1979இல் கடைசி ரயில் கிளம்பியது. 1983இல் பக்கத்து லாக்கவானாவில் பெத்லகேம் ஸ்டீல் உருக்கு வடிப்பதை நிறுத்தியது. 1950இல் 5,80,132 பேர் இருந்த நகரத்தில் 2010இல் எண்ணியபோது 2,61,310 பேர்தான். பாதிக்கும் குறைவு.

எல்லோரும் ஒரே மாதிரி போகவில்லை, ஒரே மாதிரி தங்கவும் இல்லை. போலந்து வம்சத்தார் சீக்டவாகா போன்ற புறநகர்களுக்குப் போனார்கள். அவர்களுக்கு வங்கிக் கடன் கிடைத்தது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் கிழக்குப் புறத்தை விட்டு நகர முடியாதபடி வீட்டுக்கடன் வரைபடங்கள் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தன. 1960களில் அவர்கள் குடியிருப்பின் நடுவே கென்சிங்டன் விரைவுச்சாலையைப் பள்ளம் தோண்டிப் போட்டார்கள். புகழ்பெற்ற பூங்கா வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் ஆம்ஸ்டட் மரம் நட்டு அமைத்த ஹம்போல்ட் பார்க்வே சாலை அதில் அழிந்தது. புறநகருக்குப் போனவர்கள் நகரத்துக்குள் காரில் வேகமாக வந்துபோக, உள்ளேயே இருந்தவர்களின் தெரு இரண்டாகப் பிளந்தது. 2007இல் நகராட்சி 5 ஆண்டுகளில் 5,000 காலி வீடுகளை இடிக்கத் திட்டம் போட்டது. இன்று பிராட்வே-ஃபில்மோர் வட்டாரத்தில் நடந்தால் வீடு, புல்வெளி, புல்வெளி, வீடு என்று பல் விழுந்த வாய்போல் தெருக்கள் கிடக்கின்றன. இடிக்கச் செலவு அதிகம் என்பதாலேயே பல ஆலயங்கள் தனியாக நின்றுகொண்டிருக்கின்றன.

காலியான ஆலயம் எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அது முதலில் கூரையில் தொடங்குவதாக எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் தொடங்குவது மழைநீர்க் குழாயில். பழைய ஆலயங்களில் கூரை மடிப்புத் தகடும் மழைநீர் இறங்கும் குழாயும் செம்பு. ஆள் நடமாட்டம் நின்ற சில வாரங்களில் யாராவது அதைப் பிடுங்கிக் கழிவு உலோகக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதன்பின் கூரை நீர் முழுக்கச் சுவரில் இறங்குகிறது. வெளிப்பக்கம் செதுக்கிய கல், உள்பக்கம் செங்கல், நடுவே சில்லுக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் என்பது அந்தச் சுவரின் அமைப்பு. நீர் நடுவில் தேங்கும். பஃபலோவின் குளிரில் இரவில் உறைந்து விரியும், பகலில் இளகும். ஒரே குளிர்காலத்தில் இது பலமுறை நடக்கும். சாந்து பொடியாகி அடியில் சேரச் சேர வெளிக்கல் வயிறு தள்ளும். உள்ளே கணப்பு இல்லாததால் விதானத்துச் சாந்துப் பூச்சு ஈரம் குடித்துப் பாளம் பாளமாக விழும். சன்னலின் ஈயக் கட்டு தளர்ந்து கண்ணாடி வெளியே சாயும். முதல் ஆண்டில் சில ஆயிரம் டாலரில் குழாயை மாற்றியிருந்தால் போதும். பத்தாம் ஆண்டில் பொறியாளர் வந்து லட்சக்கணக்கிலோ கோடிக்கணக்கிலோ ஒரு தொகையை எழுதிக் கொடுக்கிறார். அந்தத் தொகையைக் காட்டித்தான் இடிப்பு அனுமதி கேட்கிறார்கள்.

மறைமாவட்டத்தின் பக்கத்தையும் பார்க்காமல் போனால் அது நேர்மையாகாது. ஆயிரம் பேருக்குக் கட்டிய மண்டபத்தில் நாற்பது பேர் அமர்ந்திருக்க, அந்த மண்டபம் முழுவதையும் சூடாக்கியாக வேண்டும். காப்பீடும் கட்டியாக வேண்டும். 2000களில் பஃபலோ மறைமாவட்டம் பங்குகளை இணைத்து ஆலயங்களை மூடியபோது கிழக்குப் புறம்தான் பலமாக அடிபட்டது. பிறகு அதைவிடப் பாரமான ஒன்று வந்தது. குருக்களின் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் பழைய வழக்குகளையும் தொடுக்க நியூயார்க் சட்டம் 2019இல் வழி திறந்தது. 2020 பிப்ரவரியில் மறைமாவட்டம் திவால் மனு கொடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 15 கோடி டாலர் தர 2025இல் ஒப்புக்கொண்டது. அந்தத் தொகைக்குப் பங்குகளிடமும் கை நீட்ட வேண்டியிருக்கிறது. இழப்பீடு அவர்களுக்கு உரியது, அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் தவறைச் செய்தவர்களும் மறைத்தவர்களும் வேறு யாரோ. எங்கோ சிலர் செய்த குற்றத்துக்கு, எழுபது வயதில் படிக்கட்டைப் பெருக்கிப் பூட்டைத் திறந்துவந்த பங்குமக்கள் தங்கள் ஆலயத்தை இழப்பதும் நியாயமாகப் படவில்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2013 நவம்பரில் புனித அடால்பர்ட் ஆலயத்தில் ஒரு புதுமை நடந்தது. சமூக வலைத்தளத்தில் நாள் குறித்து, ஊர் முழுக்க அழைப்பு விடுத்து, ஒரே ஞாயிறு திருப்பலிக்கு நூற்றுக்கணக்கில் ஆட்களை வரவழைத்தார்கள். வந்தவர்களில் பலர் அந்தப் பக்கம் பல ஆண்டுகளாகக் காலே வைக்காதவர்கள். டெட்ராய்ட்டும் வேறு நகரங்களும் இதைப் பார்த்துச் செய்தன. ஒரு நாள் காணிக்கைத் தட்டு நிரம்பியது. அடுத்த ஞாயிறு பழைய நாற்பது பேர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே பெய்லி அவென்யூவில் 2008இல் மூடப்பட்ட புனித ஜெரார்ட் ஆலயத்தை விலை பேசினார்கள். ரோமில் உள்ள மதிலுக்கு வெளியே புனித பவுல் பசிலிக்காவின் சாயலில் கட்டிய ஆலயம் அது. கேட்டவர்கள் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா அருகே நார்கிராஸில் வளர்ந்துகொண்டிருந்த ஒரு கத்தோலிக்கப் பங்கினர். கல்லுக்குக் கல் எண் போட்டுப் பிரித்து லாரியில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய் அப்படியே எழுப்புவது அவர்கள் எண்ணம். ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். அதே தரத்தில் புதிதாகக் கட்டினால் அதைவிட அதிகம். மக்கள் போன வழியே கல்லும் போகட்டும் என்பதில் ஒரு தர்க்கம் இருந்தது. இடித்து நொறுக்குவதைவிட இது மேல் என்று மறைமாவட்டமும் சம்மதித்தது. அந்த ஆலயத்தைச் சுற்றிக் குடியிருந்த கறுப்பினக் குடும்பங்களுக்கோ அது தங்கள் தெருவில் கடைசியாக நின்ற பெரிய கட்டடம். பேச்சுவார்த்தையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. பணம் திரளவில்லை, திட்டம் கைவிடப்பட்டது.

டெட்ராய்ட்டில் இதைவிடக் கடுமையாக நடந்தது. 1981இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைக்காக நகராட்சி போல்டவுன் என்ற குடியிருப்பையே கையகப்படுத்தியது. நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. ஆறாயிரம் பேருக்கு வேலை என்பது வாக்குறுதி. மிச்சிகன் உச்ச நீதிமன்றம் அதைப் பொதுநலன் என்று ஏற்றது. அங்கிருந்த அமலோற்பவ அன்னை ஆலயத்தை உயர்மறைமாவட்டம் நகராட்சிக்கு விற்றுவிட்டது. பத்திரம் அவர்களிடம் இருந்தது. பங்குத்தந்தை ஜோசப் கரசியேவிச் தன் மேலிடத்தை மீறி மக்களோடு நின்றார். ஆலயத்துக்குள் 29 நாள் உட்கார்ந்திருந்தவர்களை ஜூலை 14 அன்று போலீஸ் வெளியேற்றியது. ஆலயம் தரைமட்டமானது. அந்த ஆண்டு டிசம்பரில் கரசியேவிச் இறந்துபோனார். 2004இல் வேறொரு வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தன் 1981 தீர்ப்பு தவறு என்று மாற்றி எழுதியது. தீர்ப்பைத் திருப்பி எழுதலாம், தெருவைத் திருப்பி எழுத முடியாது.

இப்படிப்பட்ட ஆலயங்களுக்கு இன்னொரு வாழ்வு உண்டா? பஃபலோவிலேயே ஒரு புகழ்பெற்ற உதாரணம் உண்டு. டெலவேர் அவென்யூவின் ஆஸ்பரி மெதடிஸ்ட் ஆலயத்திலிருந்து 1990களில் கல் பெயர்ந்து விழத் தொடங்கியபோது இடித்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அந்த ஊரில் பிறந்த பாடகி ஆனி டிஃபிராங்கோவும் அவருடைய இசைத்தட்டு நிறுவனமும் அதை வாங்கிச் சீராக்கி, 2006இல் கச்சேரி அரங்காகத் திறந்தார்கள். பழைய கட்டடத்தைப் புதுப்பித்தால் செலவில் 20 விழுக்காட்டை வரியில் கழித்துக்கொள்ளக் கூட்டரசு தரும் சலுகை இத்தகைய முயற்சிகளுக்குத்தான் தோள் கொடுக்கிறது. ஆனால் அந்தச் சலுகை வருமானம் ஈட்டும் கட்டடத்துக்கு மட்டும். டெலவேர் அவென்யூ நகர மையத்தை ஒட்டியது, டிக்கெட் வாங்க ஆள் வரும். கிழக்குப் புறத்தில் வழிபாடு நடக்கிற, கூழ் ஊற்றுகிற, பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித்தருகிற ஆலயத்துக்கு அதே கூரை ஒழுகினாலும் அந்த வரிச்சலுகை எட்டாது. மானியம் தேடி அலைய வேண்டும்.

அலைந்து காப்பாற்றியவர்களும் உண்டு. ஜெனசீ தெருவில் ஜெர்மானியர் கட்டிய வியாகுல அன்னை ஆலயம் 1985இல் மூடப்பட்டது. இடிக்க நாள் குறிக்கும் நிலை. அக்கம்பக்கத்தாரும் பழைய கட்டடங்களில் அக்கறை உள்ளவர்களும் சேர்ந்து தடுத்தார்கள். பிறகு அது மார்ட்டின் லூதர் கிங் பெயரில் கல்வி நிலையமாகி, 2000இல் அதற்குள் ஒரு பள்ளியே தொடங்கியது. பீடம் இருந்த விதானத்தின் கீழே கிழக்குப் புறத்துக் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றார்கள். கட்டடக்கலைப் புத்தகத்தில் அதன் ரோமனெஸ்க் பாணி வளைவுகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள். உண்மையில் அதைக் காப்பாற்றியது வளைவுகள் அல்ல, கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம் தேவைப்பட்ட குடும்பங்கள்.

சோபியெஸ்கி தெருக் கதை இன்னும் யோசிக்க வைக்கிறது. பத்திரம் எங்களுக்கே என்று 1895இல் பிரிந்துபோனார்களே, அவர்களுடைய ஜெபமாலை அன்னை ஆலயம் அவர்கள் கையிலேயே இருந்தது. எந்த ஆயரும் அதை மூடவில்லை. சபையாரே புறநகரான லான்காஸ்டருக்குக் குடிபெயர்ந்து, 1990களில் அதைக் கைமாற்றினார்கள். இன்று அது மஸ்ஜித் ஸக்கரியா. பக்கத்தில் குர்ஆன் மனனம் செய்யும் மாணவர்கள் தங்கிப் படிக்கிறார்கள். 1683இல் வியன்னாவில் உஸ்மானியப் படையை முறியடித்த போலந்து மன்னரின் பெயர் கொண்ட தெருவில் ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது. நியூயார்க் நகர வாடகை தாங்காமல் வந்த வங்கதேசக் குடும்பங்கள், வரி பாக்கிக்காக நகராட்சி ஏலம் விட்ட வீடுகளை வாங்கி, தாங்களே சுவர் பூசிக் குடியேறினார்கள். ஜெனசீ தெருவின் அமைதியின் அரசி ஆலயம் இப்போது ஜாமி மஸ்ஜித். 2020 கணக்கெடுப்பில் பஃபலோவின் மக்கள்தொகை எழுபது ஆண்டுகளில் முதல்முறையாக ஏறி 2,78,349 ஆனதில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1873இல் போர்க் போட்ட கணக்கு இன்னொரு மொழியில், இன்னொரு இறைவணக்கத்தோடு மறுபடி பலிக்கிறது. தன் பாட்டனுக்கு ஞானஸ்நானம் நடந்த இடத்தில் சிலுவை இறங்கியதைப் பார்த்து ஒருவர் கலங்கினால் அந்தக் கலக்கம் மெய்யானது, மதிக்கத்தக்கது. அந்தக் கூரையின் கீழே விளக்கு எரிவதற்குக் காரணம் புதிதாக வந்தவர்கள் என்பதும் அதே அளவு மெய்.

ஆக, பத்திரம் மட்டும் ஓர் ஆலயத்தைக் காப்பாற்றிவிடாது. பத்திரம் வைத்திருப்பவரும் பக்கத்தில் குடியிருப்பவரும் ஒருவராக இருக்கும்போதுதான் கட்டடம் நிலைக்கிறது. மிச்சிகன் தெருவில் 1840களில் கறுப்பின மக்கள் கட்டிய சின்ன பாப்டிஸ்ட் ஆலயம் இதற்குச் சாட்சி. கோபுரப் பகட்டு எதுவும் இல்லாத செங்கல் கட்டடம். அடிமைத்தளையிலிருந்து தப்பி நயாகரா ஆற்றைக் கடந்து கனடாவுக்குப் போனவர்களுக்கு அங்கே அடைக்கலம் கிடைத்தது. பெண்ணுரிமைக்கும் கறுப்பின உரிமைக்கும் போராடிய மேரி டால்பர்ட் அந்த ஆலயத்தைச் சேர்ந்தவர். எட்வர்ட் நாஷ் 1892 முதல் 1953 வரை அங்கே போதகராக இருந்தார். சபை குறைந்தபோதும் அந்தச் சமூகத்தின் கையை விட்டு அது போகவில்லை.

இப்போது கிழக்குப் புறத்துக்குப் பணம் வருகிறது. 2022இல் ஆளுநர் கேத்தி ஹோக்கல் சென்ட்ரல் டெர்மினலுக்கு 6.1 கோடி டாலரும், 1888இலிருந்து நடந்துவரும் பிராட்வே சந்தைக்கு 3.7 கோடி டாலரும் அறிவித்தார். இது நல்ல செய்தி. அரைநூற்றாண்டு கேட்டுக் கேட்டுக் கிடைத்தது. அதோடு சேர்த்து அருகிலுள்ள காலி ஆலயங்களின் மனை விலையும் ஏறும், இதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். 2024இல் மறைமாவட்டம் மூடவும் இணைக்கவும் இன்னொரு நீண்ட பட்டியல் போட்டிருக்கிறது. 1880களில் ஜெர்மானியர் எழுப்பிய புனித அன்னாள் ஆலயத்தை மறைமாவட்டம் இடிக்க முயன்றது, பங்குமக்கள் ரோம் வரை முறையிட்டார்கள், கடைசியில் 2022இல் ஓர் இஸ்லாமிய அமைப்புக்கு அது விற்கப்பட்டது; அதற்குள் பத்து ஆண்டு அதன் கூரை பராமரிப்பின்றிக் கிடந்தது. அந்தப் பத்து ஆண்டின் சேதத்தைச் சரிசெய்யும் செலவு இப்போது வாங்கியவர்கள் தலையில். அடுத்த பட்டியலுக்கும் இதே கதி நேரக்கூடாது.

அதற்கு ஒரு வாசல் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு மத நிறுவனம் தன் நிலத்தை விற்க வேண்டுமானால் மாநில அட்டர்னி ஜெனரலோ நீதிமன்றமோ ஒப்புதல் தர வேண்டும். அங்கே பார்ப்பது இரண்டு: விலையும் நிபந்தனையும் நியாயமானவையா, விற்பனை அந்த நிறுவனத்தின் நோக்கத்துக்கோ உறுப்பினர்களின் நலனுக்கோ உதவுமா. சுற்றியுள்ள தெருக்களைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆலயம் மூடிய நாளிலிருந்து விற்கும் நாள் வரை மழைநீர்க் குழாய்க்கும் கூரைக்கும் யார் பொறுப்பு, வாங்க விரும்பும் உள்ளூர் அமைப்புகளுக்கு முதல் வாய்ப்பும் போதிய அவகாசமும் கொடுக்கப்பட்டதா என்பதையும் அந்த மனுவிலேயே கேட்கலாம். மூன்றுக்கு இரண்டு என்று 1863இல் எழுதிய நிர்வாகக் குழுவில், அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒருவரை ஆறாவது ஆளாக உட்கார வைப்பதைப் பற்றி மாநிலச் சட்டமன்றம் பேசத் தொடங்கினாலே, லூயி ல கூதூவின் நிலத்தில் தொடங்கிய அந்த நீண்ட வழக்கில் அக்கம்பக்கத்தார் முதல்முறையாக ஒரு கட்சியாவார்கள்.